கல்லூரி மாறியபோது உங்கள் பொதுப்பாட யூனிட்டுகள் கூடவே வந்தனவா?

திண்டுக்கல்காரி:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கோ (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கால் ஸ்டேட்டுக்கோ (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) போனவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள், எல்லோரும்.

ஊரில் பி.காம் இரண்டாம் வருடம் முடித்ததும் கல்யாணம், உடனே இங்கே. பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு 2021 இலையுதிர் பருவத்தில் வீட்டுக்குப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் கிரெடிட் கணக்கில் ஒன்றுக்கு, 46 டாலர், அதனால் வீட்டில் யாரும் முணுமுணுக்கவில்லை. ஊர் பி.காம் பாடங்களைப் பொதுப்பாடக் கணக்கில் சேர்க்க முடியாது என்று கவுன்சிலர் முதல் நாளே சொல்லிவிட்டார். அமெரிக்க அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுக் கல்லூரிப் பாடங்களை ஐகெட்சியில் எடுத்துக்கொள்வதில்லையாம். அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் அழுதேன், அது வேறு கதை.

ஐகெட்சி தெரியாதவர்களுக்கு: ஆங்கிலம், கணக்கு, கலை, சமூகம், அறிவியல் என்று பொதுப்பாடங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, எந்த யூசிக்குப் போனாலும் எந்தக் கால் ஸ்டேட்டுக்குப் போனாலும் 'இவள் முதல் இரண்டு வருடத்துக்கான கீழ்வகுப்புப் பொதுப்பாடம் முடித்துவிட்டாள்' என்று ஒப்புக்கொள்ள வைக்கிற ஏற்பாடு. இதில் யூசிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் 'ஆங்கிலம் அல்லாத மொழி' என்று ஒரு பிரிவு உண்டு. நான் ஸ்பானிஷ் எடுக்கலாம் என்று நேரம் எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். கவுன்சிலர் சாதாரணமாகக் கேட்டார், நீ எந்த மொழியில் பள்ளிப்படிப்பு படித்தாய் என்று. தமிழில், பன்னிரண்டாவது வரைக்கும், அரசுப் பள்ளியில் என்றேன். ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு வருடம் ஆங்கிலம் அல்லாத மொழி வழியில் படித்ததற்குச் சான்று இருந்தால் அந்தப் பிரிவே முடிந்ததாகக் கணக்கு என்று சொன்னார். நான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன்.

டி.சி.யில் பயிற்று மொழி தமிழ் என்றுதான் இருக்கும், ஆனால் என் டி.சி. கல்லூரியில் கொடுத்ததோடு போச்சு. தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினேன். தலைமையாசிரியர் எடுத்த எடுப்பிலேயே, "தமிழ்வழிச் சான்றா? குரூப் டூவா, குரூப் ஃபோரா?" என்று கேட்டிருக்கிறார். மாநில அரசு வேலையில் தமிழ்வழிப் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் இருப்பதால் தினமும் இதற்கு ஆள் வரும் போலிருக்கிறது. "இல்லங்க சார், அக்கா அமெரிக்கால படிக்குது, அங்க கேக்குறாங்க." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அமெரிக்கால எதுக்குப்பா தமிழ் மீடியம்?" என்றாராம். ஆனாலும் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, ஆறாம் வகுப்பு முதல் வருடவாரியாக எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த முத்திரை பாதி அழிந்து போய்த்தான் இருந்தது, சான்றிதழோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்துக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் கான்வென்ட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்தவர். இன்றுவரை எங்கள் வீட்டில் அந்தச் சான்றிதழைப் பற்றி அவரிடம் பேச்சு எடுக்க மாட்டோம், எடுத்தால் நான்தான் ஜெயிப்பேன்.

சரி, இனி நான் செய்த தப்பு. ஒரு பாடம், கிரிட்டிகல் திங்கிங், எங்கள் கல்லூரியில் சாயந்திர வகுப்பு இல்லாததால் வேறொரு கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் எடுத்தேன். எல்லாம் முடிந்தது, 2024 இலையுதிர் பருவத்துக்கு ஒரு யூசியில் இடமும் கிடைத்தது. இரண்டு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டும் (மதிப்பெண் பட்டியல்) யூசிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகஸ்டில் அவர்கள் பக்கத்தைத் திறந்தால் பொதுப்பாடத்தில் இன்னும் ஐந்து பாக்கி என்று சிவப்பாகக் காட்டுகிறது. ஐந்து! வயிறு கலங்கிவிட்டது.

காரணம் ரொம்பச் சின்னது. பாடங்களை முடித்தால் மட்டும் போதாது, கடைசியாகப் படித்த கம்யூனிட்டி காலேஜிடம் 'என் ஐகெட்சியைச் சான்றளித்து அனுப்புங்கள்' என்று நாமே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் மூட்டை அவிழ்ந்துவிடும். யூசி ஒவ்வொரு பாடமாகக் கையில் எடுத்து, தன்னுடைய சொந்தப் பொதுப்பாடப் பட்டியலில் இது எதற்குச் சமம் என்று பார்க்க ஆரம்பிக்கும். இதை நினைவுபடுத்தி மார்ச்சிலேயே கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது, விளம்பரங்களோடு கிடந்தது. உடனே ஓடிப்போய் விண்ணப்பம் போட்டால், அந்த ஆன்லைன் பாடத்தின் டிரான்ஸ்கிரிப்ட் எங்கள் கல்லூரியிலேயே இல்லை, நான் யூசிக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். அதை வரவழைத்து, வரிசையில் நின்று, மூன்று வாரம் கழித்து ஒரே பக்கச் சான்று. அது போனதும் ஐந்து சிவப்பும் ஒரே நாளில் மறைந்தன.

குவார்ட்டர் அப்பா:

மேடம், உங்களுக்காவது சிவப்பாகக் காட்டியது. என் மகனுக்கு யாரும் எதுவும் காட்டவில்லை, கணக்கு அவனுக்கே வரவில்லை. டி ஆன்சா, ஃபுட்ஹில் கம்யூனிட்டி காலேஜ்கள் குவார்ட்டர் முறை (வருடத்துக்கு மூன்று பருவம்), சான் ஹோசே ஸ்டேட் செமஸ்டர் முறை (இரண்டு பருவம்) என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், ஆனால் மூன்றில் இரண்டால் பெருக்க வேண்டும் என்பது டிசம்பர் வரை அவன் மண்டையில் ஏறவில்லை. வசந்த காலம் முடியும்போது 86 யூனிட் இருக்கும், போதும் போதும் என்றே இருந்தான். 86 குவார்ட்டர் என்றால் செமஸ்டரில் 57 சொச்சம். கால் ஸ்டேட்டுக்கு மேல்வகுப்பு மாற்றலாகப் போக 60 வேண்டும், அதாவது 90 குவார்ட்டர். இலையுதிர் சேர்க்கைக்கு வசந்த பருவத்துக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும், கோடையில் எடுத்துக்கொள்கிறேன் என்றால் பொதுவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் நிலவியல் ஒன்றைச் சேர்த்து ஒப்பேற்றினான். வீட்டில் இப்போது கல் எல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறான், துடைக்க விட மாட்டேன் என்கிறான்.

பிளேனோவாசி:

நான் டெக்சஸ், கேட்டது கலிஃபோர்னியா என்றாலும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேயும் மூட்டைக் கதைதான். இங்கே பொதுப்பாடத்துக்கு 'கோர்' என்று பெயர், 42 மணிநேரம், அதாவது கிரெடிட். அரசுக் கல்லூரி ஒன்றில் 42-ஐயும் முடித்துவிட்டால் மாநிலத்தின் இன்னொரு அரசுக் கல்லூரி அதை அப்படியே எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும், உன் பட்டியல் வேறு என் பட்டியல் வேறு என்று சொல்ல முடியாது. டிரான்ஸ்கிரிப்டில் கோர் கம்ப்ளீட் என்று ஒரு வரி வந்துவிடும். ஒரு பாடம் குறைந்தாலும் அந்த வரி வராது. முடித்த பாடங்களின் கிரெடிட் வீணாகாது, ஆனால் மிச்சத்தைப் புது இடத்தின் விருப்பப்படி நிரப்ப வேண்டியிருக்கும்.

என் மகள் 39-இல் நின்றாள். நுண்கலை மட்டும் பாக்கி, "அங்க போய் எடுத்துக்கறேன் டாடி" என்றாள். பிடிவாதமாகக் கோடையில் இங்கேயே ஐந்து வாரத்தில் ஆர்ட் அப்ரிசியேஷன் எடுக்க வைத்தேன், ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆகஸ்டில் அந்த வரி வந்ததும் அவளே படம் எடுத்து அனுப்பினாள், கூட ஒரு வார்த்தையும் இல்லாமல்.

பாட எண்ணும் இங்கே மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் எல்லாம் ஒன்றுதான், இங்கிலீஷ் 1301 என்றால் இரண்டாவது இலக்கம் மணிநேரம், மூன்று. ஆனால் இதெல்லாம் மாநில எல்லையோடு சரி. என் தங்கை பெண் கோர் முடித்துவிட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போனாள், அங்கே ஒவ்வொரு பாடமாகத்தான் எடைபோட்டார்கள். டெக்சஸ் அரசாங்கம் பற்றி மூன்று மணிநேரம் படித்ததை வைத்துக்கொண்டு அங்கே யார் என்ன செய்வது?

இரவுப்பணி:

பொதுப்பாடம் பொதுப்பாடம் என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்ஜினியரிங் போகிற பிள்ளைகளுக்கு அது இரண்டாம்பட்சம். என் தம்பி ஐகெட்சியை அழகாக முடித்தான், இயற்பியல் வரிசையில் கடைசிப் பாடம் மட்டும் பாக்கி. கேட்ட துறையில் இடம் இல்லை. பெரிய பாடச்சுமை உள்ள துறைகளுக்கு முதலில் துறைக்கான பாடங்களை முடியுங்கள் என்று யூசியே சொல்கிறது. அசிஸ்ட் தளத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், துறை மூன்றையும் போட்டால் எந்தப் பாடத்துக்கு எது சமம் என்று வந்துவிடும். முதல் பருவத்திலேயே பாருங்கள், மூன்றாவது பருவத்தில் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

மருமகள்:

கால் ஸ்டேட் போகிறவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. மூட்டை முழுசாகப் போனாலும் அங்கே மேல்வகுப்புப் பொதுப்பாடம் என்று 9 யூனிட் தனியாக உண்டு, அதைக் கம்யூனிட்டி காலேஜில் முடிக்கவே முடியாது. நான் 'பொதுப்பாடத்துக்குத் தலைமுழுகியாச்சு' என்று மாமியாரிடம் சொல்லி, பாயசம் எல்லாம் வைத்துச் சாப்பிட்டோம். பிறகு மூன்று பாடம் நீட்டினார்கள். மாமியார், "அப்ப பாயசம் சீக்கிரம் வச்சுட்டோமா?" என்றார். அந்த மூன்றில் ஒன்று ஆசிய அமெரிக்கர் வரலாறு, நான் படித்ததிலேயே பிடித்த பாடம் அதுதான், ஆனால் அதை மாமியாரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

புதுசு:

2025 இலையுதிர் பருவத்தில் சேர்ந்திருக்கிறேன். எனக்கு ஐகெட்சி இல்லை, கால்-கெட்சி என்கிறார்கள். அதே கதைதானா? நானும் தமிழ் மீடியம்தான் அக்கா, மதுரைப் பக்கம். சான்றிதழ் வாங்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லவா?

திண்டுக்கல்காரி:

2021-இல் வந்த ஏபி 928 சட்டத்தால் ஐகெட்சியையும் கால் ஸ்டேட்டுக்கென்று தனியாக இருந்த பட்டியலையும் ஒன்றாக்கிவிட்டார்கள், அதுதான் கால்-கெட்சி. 11 பாடம், 34 யூனிட், எல்லாவற்றிலும் சி கிரேடாவது வேண்டும். மேடைப்பேச்சு முன்னாடி கால் ஸ்டேட் போகிறவர்களுக்கு மட்டும்தான், இப்போது எல்லோருக்கும், எத்னிக் ஸ்டடீஸும் (அமெரிக்க இனக்குழுக்களைப் பற்றிய பாடம்) உள்ளே இருக்கிறது. ஆங்கிலம் அல்லாத மொழிப் பிரிவை எடுத்துவிட்டார்கள், அதனால் நம்ம சான்றிதழ் அதில் எங்கேயும் ஒட்டாது. ஆனால் சில யூசி கல்லூரிகளில் மொழித் தேவை தனியாக இன்னும் இருக்கிறது, நீ போகிற இடத்தில் என்ன என்று பார்த்துக்கொள். அப்பாவுக்குச் சிரமம் இல்லை என்றால் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லு. தலைமையாசிரியர் எதுக்கு என்று கேட்டால் குரூப் ஃபோர் என்றே சொல்லச் சொல்லு, வேலை சீக்கிரம் முடியும்.