நெட் இல்லாத வகுப்பறையில் ஃபெட் (PhET, திரையில் செய்துபார்க்கும் இலவச அறிவியல் சிமுலேஷன்கள்) திறக்கவில்லை. தமிழில் வேறு இலவச அறிவியல் பாடப்பொருள் என்ன இருக்கிறது?

கோரையாறு:
மன்னார்குடி பக்கம் உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. விண்டோஸ் 7 லேப்டாப் ஒன்று, ப்ரொஜெக்டர் ஒன்று. பள்ளியில் நெட் கிடையாது. ஹாட்ஸ்பாட் போட்டால் வகுப்பறைக்குள் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும். 8-ம் வகுப்பு மின்னோட்டப் பாடத்துக்கு வெளியில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்த மூன்று ஃபெட் கோப்புகளும் தகராறு. ஒன்று திறக்கிறது, ஆனால் நடுவில் வெள்ளைப் பெட்டிதான். இன்னொன்று ஜேஎன்எல்பி என்று முடிகிறது, எதில் திறப்பது என்று கேட்கிறது. மூன்றாவது எஸ்டபிள்யூஎஃப், அது அசையவே இல்லை.

கூடவே இரண்டு சந்தேகம். சேஃப்டி பின் மோட்டார் செய்ததில் சுருள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறதே தவிர சுற்றவில்லை. பிறகு, பொருள் வாங்காமல் செய்ய ஏதாவது பொறியியல் செயல்பாடு வேண்டும். பணம் கட்டும் தளம் வேண்டாம்.

குடமுருட்டி:
மூன்றும் மூன்று நோய் சார். எஸ்டபிள்யூஎஃப் என்பது ஃபிளாஷ். 2020 டிசம்பரோடு அதன் கதை முடிந்தது, அழித்துவிடுங்கள். ஜேஎன்எல்பி பழைய ஜாவா வகை. ஜாவா 11 முதல் அதைத் திறக்கும் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வெள்ளைப் பெட்டி வருவது, பக்கத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமித்ததால். அப்படிச் செய்தால் அறிமுகப் பக்கம்தான் சேமிப்பாகும். உள்ளே ஓடும் சிமுலேஷன் இன்னமும் நெட்டைத் தேடிக்கொண்டிருக்கும். சிமுலேஷன் படத்துக்குக் கீழே, கீழ்நோக்கிய அம்புக்குறி போட்ட பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றே ஒன்று இறங்கும். படம், நிரல் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அளவைப் பாருங்கள்: சில எம்பி இருந்தால் சரி, சில நூறு கேபி என்றால் மறுபடியும் பக்கத்தைத்தான் சேமித்திருக்கிறீர்கள்.

தமிழ் வேண்டுமென்றால் அதே பக்கத்தில் மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழ் வரியைத் தேடி அங்கிருந்து இறக்குங்கள். எல்லா சிமுலேஷனுக்கும் தமிழ் கிடையாது. இல்லாவிட்டாலும் மின்சுற்று சிமுலேஷனில் எழுத்து குறைவு, ஆங்கிலப் பதிப்பே ஓடும்.

திறப்பது கவனம். விண்டோஸ் 7-ல் இரட்டைக் கிளிக் செய்தால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வந்து நிற்கும், அதில் ஓடாது. வலது கிளிக், ஓப்பன் வித், குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ். விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109, ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). அதற்கும் பழையது இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

திறந்ததும் ஒரு சோதனை: ஒரு மின்கலம், ஒரு பல்பு, ஒரு அம்மீட்டர். மதிப்புகளைத் தொடாமல் விட்டால் 9 வோல்ட், 10 ஓம், அம்மீட்டரில் 0.90 ஆம்பியர் வரும். இன்னொரு பல்பைத் தொடரில் சேர்த்தால் 0.45. பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டுப் பிறகு அம்மீட்டரைக் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் அது வெறும் படக்காட்சி.

அரசலாறு:
தமிழ்ப் பாடப்பொருளுக்கு முதல் இடம் நம் பாடநூலேதான். கியூஆர் குறியீடு ஸ்கேன் ஆகவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அச்சு மங்கியிருந்தால் குறியீட்டுக்குக் கீழே உள்ள 6 எழுத்துகளை தீக்‌ஷா செயலியின் தேடல் பெட்டியில் தட்டினாலும் அதே பாடம்தான் வரும். நெட் உள்ள இடத்தில் போனுக்கு இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் இல்லாமலே ஓடும். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் இருக்கிறது. வாசிப்புக்கு ஸ்டோரிவீவர் தளம்: தமிழில் அறிவியல் கதைகளும் உண்டு, பிடிஎஃப் இறக்கலாம். ஆசிரியர் பெயரைச் சொல்லும் உரிமத்தோடு திறந்துவிட்டிருப்பதால் நகலெடுத்துக் கொடுக்கவும் தடையில்லை. அரவிந்த் குப்தா தளத்தில் கழிவுப் பொருளில் செய்யும் பொம்மைகளும் படக்குறிப்புகளும் கொட்டிக் கிடக்கின்றன. படத்தைப் பார்த்தே செய்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலச் செயல்தாளைக் கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே அச்செடுக்காதீர்கள். மின்னோட்டம் 'நடப்பு' ஆகும், மின்கலம் 'உயிரணு' ஆகும், மின்தடை 'எதிர்ப்பு' ஆகும். பிள்ளைகள் பாடநூலில் மின்தடை என்று படித்துவிட்டு இங்கே எதிர்ப்பைப் பார்த்தால் அது வேறு ஏதோ என்றுதான் நினைப்பார்கள். பாடநூல் பிடிஎஃப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பத்துச் சொல்லைத் திருத்தினால் தாள் தேறிவிடும்.

கோரையாறு:
ஃபெட் ஓடுகிறது சார், முன்பு சேமித்த கோப்பு 180 கேபிதான் இருந்தது. நன்றி. நெட் இல்லாமல் விக்கிப்பீடியா போன்றவற்றைப் படிக்க கிவிக்ஸ் என்று ஒரு செயலியைச் சொன்னார்கள். அதில் திறக்கும் ஜிம் (ZIM) கோப்பைப் பென்டிரைவில் போட்டால் இடம் இருந்தும் 'கோப்பு பெரிது' என்கிறது.

குடமுருட்டி:
பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பு ஏறாது, எத்தனை இடம் இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ் 7 அதைப் படிக்கும். விக்கிப்பீடியா மட்டும் போதும் என்றால் படமில்லாத பதிப்பை எடுங்கள், அளவு வெகுவாகக் குறையும். லேப்டாப் பழையது என்பதால் கிவிக்ஸை ஆண்ட்ராய்டு போனில் போடுவது நல்லது. அதில் 'ஹோஸ்ட் புக்ஸ்' என்ற வசதியைத் தொட்டு, ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அது காட்டும் முகவரியை லேப்டாப் குரோமில் தட்டினால் ப்ரொஜெக்டரில் வந்துவிடும். டேட்டா செலவாகாது, சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும்.

வெட்டாறு:
மோட்டார் விஷயம். ஆடுகிறது என்றாலே சுருள் கம்பியின் இரண்டு முனையிலும் எனாமல் பூச்சை முழுக்கச் சுரண்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அரைச் சுற்று வரை காந்தம் ஒரு பக்கம் தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் அதே மின்னோட்டம் எதிர்ப்பக்கம் தள்ளும். அந்த அரைச் சுற்றில் மின்சாரம் துண்டாக வேண்டும். அதற்குத்தான் ஒரு முனையை முழுதாகவும் மறு முனையைப் பாதி மட்டும் சுரண்டுவது.

எந்தப் பாதி என்பதில்தான் பலருக்கும் தவறும். சுருளை நிமிர்த்தி, அதன் வட்டம் மேசைக்குச் செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். முனைக் கம்பியை மேசை விளிம்பில் வைத்து மேல்பாதியை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். சுருளைப் படுக்க வைத்துத் தேய்த்தால் பாதி சரியாக இருந்தும் ஓடாது. தள்ளும் திசை மாறுகிற இடம் மின்சாரம் பாயும் நேரத்தின் நட்டநடுவில் வந்துவிடும்.

கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் கேளுங்கள், 26 கேஜ் துண்டுக் கம்பி மிச்சமிருக்கும். ஒரு மீட்டர் போதும். பெரிய டார்ச் செல்லைச் சுற்றி 8 சுற்று, இரண்டு பக்கமும் 5 செ.மீ. விடுங்கள். இரண்டு சேஃப்டி பின்னையும் செல்லின் இரண்டு முனையிலும் சைக்கிள் டியூப் வளையத்தால் இறுக்கி, செல்லின் மேல் சிறு ஃபெரைட் காந்தம். சுருள் காந்தத்தைத் தொடாமல், ஆனால் அரை செ.மீ.க்குள் சுற்ற வேண்டும். அந்த ஒரு மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 0.1 ஓம்தான், கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். அரை நிமிடம் ஓட்டிவிட்டுச் சுருளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செல் சூடாகிச் செத்துவிடும்.

பாமணி:
பொறியியலுக்கு டீச் இன்ஜினியரிங் தளம் இலவசம், கொலராடோ பல்கலைக்கழகத்தினுடையது. வகுப்பு வாரியாகப் பிரித்திருப்பார்கள். ஆங்கிலம், அங்குல அளவுகளும் வரும். அங்கிருந்து யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை நம்மூருக்கு மாற்றுவதே உசிதம். வாய்க்கால் இருக்கும்போது எதற்குப் பொருள் வாங்க வேண்டும்?

முழங்கால் ஆழத்துக்குள் உள்ள வயல் வாய்க்காலில், வளைவில்லாத 10 மீட்டரைக் கயிற்றால் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். ஆறு, பெரிய மதகு பக்கம் போகவே வேண்டாம். தண்ணீர் பாட்டிலில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி, முதல் குச்சிக்குச் சற்று மேலே விட்டு, 10 மீட்டர் கடக்கும் நேரத்தை மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். அகலத்தை அளங்கள். ஆழத்தை ஐந்து இடத்தில் குச்சியால் பார்த்துச் சராசரி எடுங்கள். நடுவில் மட்டும் பார்த்தால் விடை பெரிதாகிவிடும்.

அகலம் 2 மீட்டர், ஆழம் 0.5, நேரம் 25 வினாடி என்றால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். கரையும் தரையும் நீரை இழுத்துப் பிடிப்பதால் சராசரி வேகம் அதைவிடக் குறைவு, 0.85-ஆல் பெருக்குங்கள், 0.34. பரப்பு 1 சதுர மீட்டர், ஆக வினாடிக்கு 0.34 கனமீட்டர், அதாவது 340 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர், வினாடிக்கு 12 கன அடி வரும். மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் பேப்பரில் தினமும் கன அடியில்தான் வருகிறது, அதை இதோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வகுப்பு தானாக நடக்கும்.

கோரையாறு:
இரண்டு முனையையும் முழுசாகத்தான் சுரண்டியிருந்தோம். புதுச் சுருள் சுற்றுகிறது. வாய்க்காலில் மூன்று தடவையும் 24, 31, 40 வினாடி என்று நேரம் ஏறிக்கொண்டே போகிறது, ஏன்?

பாமணி:
பாட்டில் கரையோரம் ஒதுங்குகிறதா பாருங்கள். ஓரத்தில் வேகம் குறைவு. ஆகாயத்தாமரை இருந்தால் 10 மீட்டருக்கும் முதலில் வாரிவிட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மேலே யாரோ மடையை அடைத்திருக்கிறார்கள், நீரே குறைகிறது. ஒரு குச்சியில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் பாருங்கள். கோடு இறங்கினால் அன்றைய சராசரி எடுபடாது.