ஊட்டியில் ஒரே குழியில் எட்டு, ஒன்பது: அவசர உதவி தேவை

சேலத்துக்காரன் | செவ்வாய், இரவு 9:40
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் கோல்ஃப் போட்டி. போன வாரம் பழகிப் பார்க்கப் போனேன். ஒரே குழியில் இரண்டு நாளும் மானம் போனது. முதல் நாள் எட்டு அடி, மறுநாள் ஒன்பது. டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) இறக்கம், அப்புறம் கிரீன் (குழி இருக்கும் புல்தரை) மேட்டில். டிரைவ், அதாவது டீயிலிருந்து அடிக்கும் நீள அடி, நன்றாகவே போகிறது. இரண்டாவது அடிதான் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஓடிப் புதரில் விழுகிறது. சமதளத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. சீக்கிரம் சொல்லுங்கள்.

சரிபார் | 9:52
எந்தக் குழி? பார் (குழியை முடிக்க வேண்டிய அடிக்கணக்கு) எத்தனை? இரண்டாவது அடிக்கு எந்த மட்டை? "ஒரே பக்கம்" என்றால் எந்தப் பக்கம்? ஜாதகம் பார்ப்பவர்கூடப் பிறந்த நேரம் கேட்பார்.

சேலத்துக்காரன் | 10:05
பார் நான்கு. ஏழாம் எண் அயர்ன் (இரும்பு மட்டை). இடது பக்கம். புதர் என்றால் அந்த மஞ்சள் பூப் பூக்கும் முள்புதர்.

நேர்கோடு | 10:20
இதையெல்லாம் இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது; தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பந்து இடது பக்கம் ஓடுகிறது என்றால் அது உங்கள் பாதத்தைவிட உயரத்தில் கிடக்கிறது என்று பொருள். பிடியைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடியுங்கள், நிமிர்ந்து நில்லுங்கள், கிரீனுக்கு வலப்புறம் குறி வையுங்கள். அடிப்படைப் பாடம் இது. போட்டிக்கு முன்பு ஒரு பயிற்சியாளரிடம் போயிருக்கலாம்.

குளிர்காற்று | 10:31
எல்லாரும் உயரத்தை மறந்துவிடுகிறீர்கள். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் 140 கஜம் போகும் அடி அங்கே 150 போகும். ஒரு மட்டை குறைத்து, அதாவது குறைவான தூரம் போகும் மட்டையை, எடுங்கள், எல்லாம் சரியாகும்.

நேர்கோடு | 10:38
காலைக் குளிரில் அந்தக் கணக்குச் செல்லாது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது.

குளிர்காற்று | 10:44
12 டிகிரிக் குளிரையும் சேர்த்துத்தான் ஐந்தில் ஒரு பங்கு என்றேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பைசுமந்தவன் | 11:15
பல வருடம் மலைமேல் பிறர் பையைச் சுமந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மெல்லிய காற்றில் பந்து வளைவது குறையும். அங்கேயும் பக்கவாட்டில் ஓடுகிறது என்றால் காற்றைக் குறை சொல்லாதீர்கள், காலடியைப் பாருங்கள். டிரைவ் "நன்றாகப் போகிறது" என்கிறீர்களே, அது எங்கே போய் நிற்கிறது? இறக்கத்தின் நடுவிலா, அடியிலா?

கஜக்கணக்கு | புதன், காலை 6:50
சரிவையும் கணக்கிட்டுச் சொல்லும் தூரமானி ஒன்று வாங்குங்கள். கிரீன் எத்தனை கஜம் மேலே இருக்கிறதோ ஏறத்தாழ அத்தனை கஜம் கூட்டிக்கொள்ள வேண்டும். கருவி அதைத் தானே கூட்டித் தரும்.

நேர்கோடு | 7:10
போட்டியில் கூடாது. கோல்ஃப் விதி 4.3. தூரம் அளக்கலாம், ஏற்ற இறக்கம் அளக்கக் கூடாது. முதல் தடவை அபராதம், இரண்டாம் தடவை வெளியேற்றம்.

கஜக்கணக்கு | 7:14
அந்த வசதியை அணைத்துவிட்டால் அதே கருவியைப் பயன்படுத்தலாமே? மேலும், அலுவலகப் போட்டியில் யார் சோதிக்கப் போகிறார்கள்?

நேர்கோடு | 7:21
யாரும் பார்க்காதபோது ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பதுதான் இந்த விளையாட்டே.

கஜக்கணக்கு | 7:25
வாழ்க்கைப் பாடம் கேட்க நான் வரவில்லை. பத்தாயிரம் ரூபாய் போட்டு வாங்கிய கருவியைப் பூட்டியா வைப்பது?

(இந்தச் சண்டை மேலும் பதினோரு பதிவுகளுக்கு நீண்டது.)

சேலத்துக்காரன் | மாலை 6:30
மன்னிக்கவும், அலுவலக வேலை. பைசுமந்தவன் அண்ணா, பந்து இறக்கத்தின் நடுவில்தான் நிற்கிறது. கால் ஒன்று மேலே, ஒன்று கீழே. நேர்கோடு சார் சொன்னபடி வீட்டு மாடியில் வலப்புறம் குறி வைத்து நின்று பார்த்தேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் இடக்கையன். அதனால் ஏதாவது மாறுமா?

சரிபார் | 6:33
ஏதாவதா? எல்லாமே மாறும்!

நேர்கோடு | 6:41
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். என் விளக்கம் வலக்கையருக்குச் சரியானதே.

பைசுமந்தவன் | 7:20
விடுங்கள் சார். தம்பி, இறக்கத்தில் நின்று அடித்தால் பந்து தாழ்வாகக் கிளம்பும். இடக்கையருக்கு இடது பக்கம் ஒதுங்கும். உங்கள் புதர் அங்கேதான் இருக்கிறது. கிரீனோ மேலே, உயரமான அடி வேண்டும். இறக்கம் தாழ்வான அடியைத்தான் தரும். மலைமைதானத்தில் இதைவிடக் கெட்ட நிலை அரிது. உங்களை அங்கே கொண்டுபோய் விடுவது அந்த நல்ல டிரைவ்தான்.

ஆகவே டிரைவர் (நீள அடிக்கான மட்டை) பையிலேயே இருக்கட்டும். இறக்கம் தொடங்குமுன் தட்டையான இடம் இருந்தால் ஐந்தாம் எண் அயர்னால் அங்கே நிறுத்துங்கள். இருபது, முப்பது கஜம் தள்ளி நின்றாலும் சமதளத்தில் நிற்பது மேல். தவறி இறக்கத்தில் நின்றுவிட்டால்: தோள்கள் சரிவோடு சாயட்டும், பந்து மேட்டுப் பக்கக் காலுக்கு அருகில் இருக்கட்டும், அடித்ததும் மட்டை சரிவையொட்டிக் கீழே போகட்டும். தடுமாறி இரண்டு எட்டு முன்னே நடந்துவிடுவீர்கள். நடந்தால் சரியாக அடித்தீர்கள் என்று பொருள். குறி கிரீனுக்கு வலப்புறம்.

(வலப்புறம் என்று நேர்கோடு சார் சொன்னதும் சரியாகவே வந்துவிட்டது, காரணம்தான் வேறு.)

புதரில் விழுந்தால் உள்ளே வீசிக்கொண்டிருக்காதீர்கள். எட்டும் ஒன்பதும் அங்கேதான் பிறக்கின்றன. பந்து கண்ணில் பட்டால் ஆட முடியாதது என்று சொல்லி ஓர் அடி அபராதத்தோடு இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் வெளியே போடுங்கள். தேட மூன்று நிமிடம்தான். அதனால் தேட நடக்குமுன்பே தற்காலிகப் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் தொடர) ஒன்றை அடித்துவிடுங்கள்.

குளிர்காற்று | 7:32
மட்டை குறைக்கச் சொன்னதை மறக்க வேண்டாம்.

பைசுமந்தவன் | 7:36
கிரீன் மேட்டுக்குக் கூட்டு, ஊட்டி உயரத்துக்குக் குறை. பத்து கஜம் மேடானால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும், அதே மட்டையை எடுக்கலாம்.

சேலத்துக்காரன் | திங்கள், காலை 8:15
அந்தக் குழியில் ஆறு அடி. டிரைவர் எடுக்கவில்லை, புதருக்குள் போகவில்லை. மூன்றாவது அடியில் கிரீன், பிறகு மூன்று பட் (கிரீனில் உருட்டும் அடி). அது வேறு இழையில் பேச வேண்டியது. நன்றி.

சரிபார் | 8:20
எந்தக் குழி என்று இன்னும் சொல்லவில்லையே?