பைரியும் மேலே பார்த்தபடிதான் சாப்பிடுகிறது

பெரும்பாக்கத்திலிருந்து:
போன மார்கழியில் நடந்தது. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒரு பைரி உட்கார்ந்திருந்தது, காலடியில் மாடப்புறா. பொரி வல்லூறு என்று சொல்கிறோமே, அதேதான். பதினைந்து அடி தூரம் இருக்கும். கன்னத்தில் மீசை மாதிரி கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். இறகுகளைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக் காற்றில் விட்டது. இரண்டு மூன்று வந்து என் ஈர வேட்டியில் ஒட்டிக்கொண்டன.

மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பாய்கிற பறவை. அலகின் ஓரத்தில் பல் போல ஒரு துருத்தல் உண்டு, இரையின் கழுத்தெலும்பை உடைப்பது அதுதான். இதற்கு யாரைக் கண்டு பயம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு வாய் சாப்பிடும், தலையைச் சாய்த்து வானத்தைப் பார்க்கும். மறுபடி இரண்டு வாய், மறுபடி வானம்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. பெருங்குடி குப்பைக் கிடங்குப் பக்கமிருந்து இரண்டு பருந்துகள் வந்து வட்டமிட்டன. பைரி இறக்கையை விரித்து இரையை மூடிக்கொண்டு கத்தியது. அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது முறை பருந்து இறங்கியதும் புறாவை விட்டுவிட்டுச் சதுப்பு நிலத்தை நோக்கிப் பறந்துவிட்டது. கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் பலமெல்லாம் வானத்தில், வேகத்தில். தரையில் நின்று கட்டிப்புரண்டு இறக்கையில் அடிபட்டால் மறுநாள் வேட்டை கிடையாது, வேட்டை இல்லையென்றால் பட்டினி. சைபீரியா பக்கத்தில் மரமே வளராத தூந்திரக் குளிர்நிலத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்த பறவை, பெரும்பாக்கத்தில் சோற்றைப் பறிகொடுத்தது.

திருவான்மியூரிலிருந்து:
பருந்து திருடுவதோடு விட்டுவிடும். பைரிக்கு உண்மையான ஆபத்து ராத்திரியில்தான். பாறை விளிம்பில் கூடுகூடக் கட்டாமல் முட்டையிடுகிற பறவை அது. பெரிய கொம்பன் ஆந்தைகள் இருட்டில் சத்தமே இல்லாமல் வந்து குஞ்சுகளைத் தூக்கிப் போய்விடும், சில நேரம் தூங்குகிற தாயையும். பகலெல்லாம் ராஜா மாதிரி இருக்கிற பறவைக்கு இருட்டில் நம்மைப் போலத்தான் கண் தெரியாது.

வியாசர்பாடியிலிருந்து:
எங்கள் தெருவில் நான் பார்த்தது வேறு. மாஞ்சா நூல் சுற்றி மின்கம்பியில் தொங்கிய ஒரு சின்ன வல்லூறு. கீழே இறக்கியபோது நூல் தோளைச் சதை வரை அறுத்திருந்தது. அதைச் சுற்றி ஐந்தாறு காக்கை, கொத்துவதற்குக் காத்துக்கொண்டு. மருத்துவரிடம் கொண்டுபோய்த் தையல் போட்டோம், பிழைக்கவில்லை. 2012-ல் நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் அமுர் வல்லூறுகளை வலைபோட்டு ஆயிரக்கணக்கில் பிடித்தார்களே, மறு வருடமே அந்த ஊர்க்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். நம் தெருவில் நூலை நிறுத்த எத்தனை வருடம் வேண்டும்?

மீண்டும் பெரும்பாக்கத்திலிருந்து:
பைரி திரும்பி வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாம் நாள் வந்தது, அன்றும் புறாவோடு. ஆனால் தொட்டி மேல் உட்காரவில்லை. தொட்டிக்கு அடியில், தூண் நிழலில் போய் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டு முடித்தது. அது கிளம்பும் வரை நான் கதவைத் திறக்கவில்லை.