மணிமுடியைத் திருடப் போன கர்னல் பிளட்: காவல் காத்த முதியவர் என்ன ஆனார்?

கோதை:

வணக்கம் நண்பர்களே. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வாரம் பள்ளியில் "வரலாற்றில் ஒரு விசித்திர மனிதர்" என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். இங்கிலாந்து வரலாற்றிலிருந்து கர்னல் தாமஸ் பிளட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். 1671 மே 9 அன்று பாதிரியார் வேடத்தில் லண்டன் டவர் கோட்டைக்குள் புகுந்து, அரசரின் மணிமுடியையே எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்த ஆள். பிடிபட்டான். ஆனால் அரசர் இரண்டாம் சார்லஸ் அவனைத் தூக்கில் போடவில்லை, மன்னித்து அயர்லாந்தில் நிலமும் கொடுத்தார் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள்.

நேற்று இரவு எழுதியதை என்னிடம் படித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. "அங்கிருந்த கிழவரை அடித்துப் போட்டுவிட்டு" என்று ஒரு வரி வந்தது, அடுத்த வரியில் பிளட் குதிரையை நோக்கி ஓடுகிறான். அந்தக் கிழவர் பிழைத்தாரா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. நாங்கள் பார்த்த மூன்று வீடியோக்களிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அரசர் ஏன் மன்னித்தார்? அந்த முதியவருக்கு என்ன ஆயிற்று? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சேரன்:

முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும், சகோதரி.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றதற்காக பிளட்டுக்கு அயர்லாந்தில் நிலம் கிடைத்திருந்தது. 1660-ல் முடியாட்சி திரும்பி வந்ததும் அது கைவிட்டுப் போயிற்று. 1663-ல் டப்ளின் கோட்டையைப் பிடிக்கச் சதி செய்தான், அது முன்கூட்டியே வெளியே தெரிந்துவிட்டது. அவன் தப்பிவிட்டான், மைத்துனரைத் தூக்கிலிட்டார்கள். 1670 டிசம்பர் 6 இரவு, அரசர் சார்பில் அயர்லாந்தை ஆண்டிருந்த பழைய பகையாளி ஆர்மண்ட் டியூக் என்ற பிரபுவை லண்டன் தெருவில் வண்டியை மறித்து இழுத்து, குதிரையில் ஒருவன் பின்னால் கட்டி வைத்து, டைபர்ன் தூக்குமேடைக்கே கொண்டுபோகப் பார்த்தார்கள். டியூக்குக்கு அப்போது அறுபது வயது. போராடி அந்த ஆளோடு சேர்ந்து கீழே விழுந்து உயிர் தப்பினார். இதெல்லாம் நடந்து ஐந்தே மாதத்தில் மணிமுடித் திருட்டு.

பிடிபட்டதும் பிளட் வேறு யாரிடமும் வாய் திறக்க மறுத்தான். அரசரிடம் மட்டும்தான் பேசுவேன் என்றான், அரசரும் வரவழைத்தார். "உனக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டதற்கு, "அதற்குத் தகுதியானவனாக நடக்க முயல்வேன்" என்றானாம். நாணலில் ஒளிந்திருந்து, தேம்ஸில் குளிக்கும் அரசரைச் சுட ஒருமுறை வந்ததாகவும், அந்தக் கம்பீரத்தைப் பார்த்துக் கை எழவில்லை என்றும் சொன்னதாக ஒரு கதை உண்டு. இந்தப் பேச்சில் அரசர் மயங்கிவிட்டார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்.

நான் நம்புவது வேறு. 1672-ல் டச்சுக்காரர்களோடு போர் தொடங்கியது. 1671-லேயே அதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் உள்நாட்டில் அதிருப்தியாக இருந்த பழைய நாடாளுமன்றக்காரர்களும், அரசுத் திருச்சபையை ஏற்காத மதக் குழுக்களும் அமைதியாக இருக்க வேண்டியிருந்தது. அவர்களில் யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று அறிந்தவன் பிளட். செத்தால் பயனில்லை, உயிரோடிருந்தால் அரசுக்கு வேண்டியவன். விடுதலையான பிறகு அரசுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவே ஆளாக இருந்து தகவல் கொண்டுவந்து கொடுத்தான். ஆண்டுக்கு 500 பவுண்டு வரும் நிலம் கிடைத்ததற்குக் காரணம் இது என்பது என் எண்ணம்.

ஆர்மண்ட் டியூக்கிடம் இவனை மன்னிக்கும்படி அரசர் சொல்லி அனுப்பியபோது, "மணிமுடியைத் திருட வந்ததை அரசரே மன்னிக்கும்போது, என் உயிரை எடுக்க வந்ததை நான் மன்னிக்கக்கூடாதா" என்ற பொருளில் பதில் சொன்னார். அதில் இருக்கும் கசப்பு எனக்குப் புரிகிறது.

முதியவரைப் பற்றி இங்கே எழுதத் தகுந்தவர் சாவிக்காரர் ஐயாதான்.

சாவிக்காரர்:

அம்மா, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு முதலில் நன்றி. நான் ஒரு வங்கியில் 31 ஆண்டு வேலை பார்த்தவன், அதில் 19 ஆண்டு ஸ்ட்ராங் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது. அதனால் பிளட்டின் கதை படிக்கும்போதெல்லாம் என் கண் அந்த முதியவரிடமே போகும். அவர் பெயர் டால்பட் எட்வர்ட்ஸ். சம்பவம் நடந்தபோது வயது 77. உங்கள் மகள் மேடையில் அந்தப் பெயரைச் சொன்னால் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும்.

அவருக்கு ஒழுங்கான சம்பளம் கிடையாது. பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஆபரணங்களைக் காட்டுவார், அதுதான் வருமானம். மார்ட்டின் டவர் என்ற பகுதியில் கீழே ஆபரண அறை, மேலே மனைவியோடும் மகளோடும் குடியிருப்பு. கம்பி போட்ட அலமாரி, ஒரு கதவு, ஒரு முதியவர். எங்கள் கிளையில் நகைக்கடன் பொட்டலம் ஒன்றை எடுக்க வேண்டுமென்றாலும் இரண்டு சாவி வேண்டும். ஒன்று அதிகாரியிடம், ஒன்று கேஷியரிடம். இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் கதவு திறக்கும். ஒரு நாட்டின் மணிமுடிக்கு அந்த ஏற்பாடு இல்லை. இத்தனைக்கும் முதலாம் சார்லஸைத் தலை வெட்டிய 1649-ல் பழைய ஆபரணங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டு, மகனின் முடிசூட்டு விழாவுக்காக 1661-ல் பெரும் செலவில் புதிதாகச் செய்தவை இவை.

இனி பிளட் செய்ததைப் பாருங்கள். எல்லோரும் மே 9-ஐ மட்டும் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய வாரங்கள்தான் முக்கியம்.

முதலில் பாதிரியார் அங்கியில் ஒரு பெண்ணோடு வருகிறான், மனைவி என்று சொல்லி. ஆபரணங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வயிற்றுவலி. எட்வர்ட்ஸின் மனைவி பதறிப்போய் மாடிக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். சில நாள் கழித்து அந்த உதவிக்கு நன்றியாக நான்கு ஜோடி வெள்ளைக் கையுறைகளோடு திரும்பி வருகிறான். அப்புறம் போக்குவரத்து. ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்து, அரசர் குடும்பத்துக்காகவும் வேண்டிக்கொள்கிறான். அதன் பிறகு, "என் உடன்பிறந்தவர் மகன் ஒருவன் நல்ல வருமானத்தோடு இருக்கிறான், உங்கள் மகளுக்குப் பார்க்கலாமே" என்கிறான். சுவரில் மாட்டியிருந்த அழகான ஜோடித் துப்பாக்கியைப் பார்த்து, தெரிந்த ஒரு பிரபுவுக்குப் பரிசளிக்க வேண்டும் என்று அதையும் விலை பேசி வாங்கிக்கொள்கிறான். வீட்டில் இருந்த ஆயுதம் விருந்தாளியின் கையோடு போய்விட்டது.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் வாரம் ஒருமுறை வருவார். நலம் விசாரிப்பார். என் மனைவிக்கு முழங்கால் வலி என்று எப்படியோ தெரிந்துகொண்டு தைலம் வாங்கி வந்தார். தீபாவளிக்கு இனிப்பு. ஏழெட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் மதியம், இன்னொரு சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம், "சார், உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் பார்க்கலாமா" என்றார். என்னிடம் ஒரு சாவிதான் இருந்தது, முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கெட்டவரா, வெறும் ஆசையில் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த "முடியாது" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது. வீட்டில் அந்தத் தைலக் குப்பி இன்னும் பாதி இருந்ததே. அதனால் எட்வர்ட்ஸை ஏமாளி என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை. அவருக்கு இரண்டாவது சாவியின் துணை இல்லை. மகளுக்கு வரன் கொண்டுவந்தவரிடம் எந்தத் தகப்பன் கதவைச் சாத்துவான்?

மே 9, காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளையோடு வருவதாகப் பேச்சு. மகள் அலங்காரம் செய்துகொண்டு மேலே காத்திருக்கிறாள். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று பார்த்துவரப் பணிப்பெண்ணை அனுப்புகிறாள். வாசலில் நின்றிருந்த இளைஞனைப் பார்த்துவிட்டு, அவன்தான் மாப்பிள்ளை என்று நினைத்து அவள் போய்ச் சொல்கிறாள். அவன் நின்றது காவலுக்கு. தன் மனைவி வரும்வரை ஆபரணங்களைப் பார்க்கலாமே என்று கூட்டாளிகளோடு வந்த பிளட் கேட்க, முதியவர் இவர்களை உள்ளே விட்டு, வழக்கம்போல் கதவைச் சாத்துகிறார். உடனே தலையில் அங்கியைப் போர்த்தி, வாயில் மரக்கட்டையைத் திணித்துக் கட்டினார்கள். மூச்சுக்கு அதில் ஒரு சின்னத் துளை.

சத்தம் போடாமல் இருந்தால் உயிரோடு விடுகிறோம் என்று சொன்னார்கள். அந்த 77 வயது மனிதர் வாயில் கட்டையோடு முடிந்தவரை சத்தம் எழுப்பினார். கொட்டாப்புளியால் தலையில் அடித்தார்கள். விழுந்தும் விடவில்லை, மறுபடி சத்தம். மறுபடி அடி, வயிற்றில் கத்திக்குத்து. அதன் பிறகுதான் செத்தவர்போல் அசையாமல் கிடந்தார். இதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். யாரும் அவரை அவ்வளவு தூரம் எதிர்பார்க்கவில்லையே.

அதே கொட்டாப்புளியால் மணிமுடியை நசுக்கி அங்கிக்குள் மறைத்தான் பிளட். கூட்டாளி பேரட் என்பவன் ஆபரணங்களில் ஒன்றான அரசரின் தங்க உருண்டையைக் கால்சட்டைக்குள் போட்டுக்கொண்டான். செங்கோல் நீளம், பைக்குள் அடங்காது என்று இன்னொருவன் அரத்தால் இரண்டாக அறுக்க ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து, பல ஆண்டாக ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியம் பகுதி) இருந்த எட்வர்ட்ஸின் மகன் வீட்டுக்கு வந்து சேர்கிறார்! செங்கோலைப் போட்டுவிட்டு ஓட்டம். முதியவர் கட்டை அவிழ்த்துக்கொண்டு கத்தினார். மகனும் கேப்டன் பெக்மன் என்பவரும் துரத்தினார்கள். பிளட்டும் கூட்டாளியும் ஓடிக்கொண்டே "பிடியுங்கள், பிடியுங்கள்" என்று தாங்களும் துரத்துவதுபோல் கத்தினார்கள் என்பார்கள். கடைசியில் குதிரைகள் நின்ற இடத்துக்கு அருகே பிடிபட்டார்கள்.

சரி, உங்கள் கேள்வி. எட்வர்ட்ஸ் பிழைத்தார். அவருக்கு 200 பவுண்டு, மகனுக்கு 100 பவுண்டு என்று உத்தரவு போட்டார்கள். உத்தரவுதான், பணமில்லை. கருவூலம் இழுத்தடித்தது, காயத்துக்கு வைத்தியச் செலவோ நிற்கவில்லை. கடைசியில் அந்த உத்தரவுகளைப் பாதி விலைக்கு, 100-க்கும் 50-க்கும், ரொக்கத்துக்காக விற்றுவிட்டார்கள். பிளட்டுக்கு ஆண்டுதோறும் 500. எனக்கு இதை நினைத்தால் இன்றும் கோபம் வரும். 1674-ல் எட்வர்ட்ஸ் இறந்தார்.

ஈஸ்ட்ஹாம் ரவி:

சாவிக்காரர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. லண்டன் டவரில் புனித பீட்டர் அட் வின்குலா என்று ஒரு தேவாலயம் இருக்கிறது. ஆன் போலின், கேத்தரின் ஹவர்ட் போன்ற ராணிகள் அடக்கமான இடம். எட்வர்ட்ஸும் அங்கேதான். "அரச ஆபரணக் காப்பாளர்" என்று அவர் பதவியும், 1674 செப்டம்பர் 30 என்று இறந்த நாளும், 80 வயது 9 மாதம் என்று வயதும் பொறித்த கல். ராணிகளைத் தேடிப் போகும் கூட்டத்தில் அதன் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. ஆபரணங்கள் இப்போது மார்ட்டின் டவரில் இல்லை, வாட்டர்லூ பிளாக்கில் கனமான கதவுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. நகரும் நடைமேடையில் நின்றபடி மணிமுடிகளைக் கடந்துபோக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஐயாவோடு முழுதாக உடன்பட முடியவில்லை. பிளட்டின் துணிச்சல் அசாதாரணமானது. பிடிபட்டபோதும், தோற்றாலும் மணிமுடிக்காகச் செய்த வீர முயற்சி என்று சொன்னவன். அரசரின் முன்னால் தலை நிமிர்ந்து பேசியவன். பிள்ளைகளுக்கு அவன்மேல் ஈர்ப்பு வருவது இயல்பு, அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

அவன் முடிவும் விசித்திரம்தான். 1680 ஆகஸ்டில் இறந்தான். அதற்குச் சற்று முன் பக்கிங்ஹாம் டியூக் என்ற பிரபு அவன்மேல் 10,000 பவுண்டு கேட்டு அவதூறு வழக்கு போட்டிருந்தார். அதிலிருந்து தப்பிக்கச் செத்ததுபோல் நடிக்கிறான் என்று ஊரே பேசியதால், புதைத்த உடலைத் தோண்டியெடுத்து அவன்தானா என்று பார்த்தார்கள்.

சாவிக்காரர்:

தம்பி, துணிச்சல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாயில் கட்டையோடு கத்தியதற்கும் துணிச்சல் வேண்டும். அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அடுத்த முறை அங்கே போனால் என் சார்பில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

கோதை:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை மகளோடு உட்கார்ந்து எல்லாப் பதிலையும் படித்தேன். பணிப்பெண் மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் சிரித்தாள், உத்தரவைப் பாதி விலைக்கு விற்ற இடத்தில் "இது அநியாயம்மா" என்றாள். பேச்சைத் திருப்பி எழுதுகிறாள். பிளட் இன்னும் இருக்கிறான், துரத்தலும் இருக்கிறது, அதை விட மனம் வரவில்லை. ஆனால் தொடக்கம் இப்போது இப்படி: "டால்பட் எட்வர்ட்ஸ் வீட்டுக்கு ஒருநாள் ஒரு பாதிரியார் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொண்டுவந்தார்."

சாவிக்காரர்:

நான்கு ஜோடி அம்மா. மறக்காமல் திருத்தச் சொல்லுங்கள்.