புதுப்பிப்பு: யோகா வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தேனே

3 மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: பக்கத்துத் தெரு மொட்டைமாடி யோகா வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு வாரத்தில் ஒரு நாள்கூடப் போக முடியவில்லை, நிறுத்திவிடலாமா என்று. நிறுத்தவில்லை. "யாருடனாவது சேர்ந்து போங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள், அதுதான் கை கொடுத்தது. கூடப் படிக்கும் அக்கா ஒருவர் காலை 5.20க்கு வாசலில் வந்து ஸ்கூட்டர் ஹாரனை ஒரே ஒரு முறை அடிப்பார், அதற்கப்புறம் எப்படித் தூங்குவது?

இப்போது வாரம் 4 நாள். சூரிய நமஸ்காரம் 3 சுற்றிலேயே மூச்சு வாங்கியது போய் 12 வரை வந்திருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில்தான் விரல் இன்னும் காலைத் தொடவில்லை. பாதத்தில் பெல்ட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார் மாஸ்டர். பி.கே.எஸ். அய்யங்கார் வகுத்த யோகா முறையில் பெல்ட், கட்டை, நாற்காலி எல்லாம் சகஜம், நான்தான் அதை ஏமாற்று வேலை என்று நினைத்து, இடுப்பிலிருந்து மடங்காமல் முதுகைக் கூன்போட்டு இழுத்து இத்தனை நாள் வலியை வாங்கிக்கொண்டிருந்தேன்.

நடுவில் மழை. மாடி வழுக்கியதால் வகுப்பு கீழே கார் நிறுத்துமிடத்துக்கு மாறியது, 6 பாய் விரித்தாலே கையும் காலும் இடிக்கும், கடைசியில் அசையாமல் படுத்திருக்கும் சவாசனத்தில் யாரோ குறட்டை வேறு (நான் இல்லை). ஆனாலும் முடிந்ததும் எல்லோரும் நின்று சுக்குக் காபி குடித்துவிட்டுத்தான் கலைந்தோம், உண்மையில் பாதி நாள் அதற்காகத்தான் போனேன்.

சரி, நேற்று அடுத்த 3 மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். அக்கா அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார். அலாரம் வைத்துப் பார்க்கிறேன்.