மாமாவுக்கு வைச்ச சீட்ல ஒண்டைக் காணேல்ல, பயப்பிடோணுமோ?

வெள்ளவத்தைப் பெடியன்:
மாமாவுக்கு ப்ரொஸ்டேட் கேன்சர், சிங்கப்பூரில அயடின்-125 சீட் (உள்ளுக்க இருந்து கதிர் வீசுற சின்ன உலோக விதை) வைச்சவை, 72 எண்டு டிஸ்சார்ஜ் பேப்பரில கிடக்கு. ஒரு மாசத்தால சிடி எடுக்கச் சொன்னவை, இங்க கொழும்பிலயே பிரைவேட்டா எடுத்தம், ரிப்போர்ட்டில 71. இதைக் கேட்டதில இருந்து மாமி மெத்தையெல்லாம் உதறிப் பாக்கிறா, பேரனை மாமான்ர மடியில ஏத்த விடுறாவே இல்ல. அதோட எம்ஆர்ஐயும் வேணுமாம். சிடில எல்லாம் தெரியுதெண்டா அது எதுக்கு, உலோகத்தை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு அந்த மெஷினுக்குள்ள போகலாமோ?

பிசிக்ஸ் அக்கா:
தம்பி, நான் ரேடியோதெரபி பக்கம் வேலை செய்யுறனான். முதல்ல 71 எண்டதுக்குப் பயப்பிடாதேங்கோ. ஒரு சீட் 4.5 மில்லிமீட்டர் நீளம், 0.8 தடிப்பு, அரிசிமணியை விட மெல்லிசு. சிடில உலோகம் பளீரெண்டு வெள்ளையா எரியும், சுத்திவர கோடுகோடா இழுக்கும், ரெண்டு சீட் ஒட்டிக்கொண்டு நிண்டா ஒண்டாத்தான் தெரியும். மற்றப் பக்கமும் நடக்கும், 3 மில்லிமீட்டர் ஸ்லைஸ் எண்டா ஒரே சீட் ரெண்டு படத்தில வந்து ரெண்டா எண்ணுப்படும். அதால சிடி எண்ணிக்கையை மட்டும் நம்பாம இடுப்புக்கு நேர சாதாரண எக்ஸ்ரே ஒண்டு எடுத்து ஒத்துப்பாக்கிறது வழக்கம்.

எம்ஆர்ஐ வேற விஷயம். சீட் எங்க எண்டு சிடி காட்டும், ஆனா ப்ரொஸ்டேட்டின்ர விளிம்பு எங்க முடியுது எண்டு அதில வடிவா விளங்காது. எம்ஆர்ஐல விளிம்பு நல்லாத் தெரியும், சீட் வெறும் கறுப்புப் புள்ளி, அதை ரத்தக்குழாயோட மாறிப் பிடிக்கலாம். ரெண்டு படத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டு பொருத்தினாத்தான் ப்ரொஸ்டேட் சுரப்பியின்ர 90 வீதத்துக்குக் குறைஞ்சது எவ்வளவு கதிர் டோஸ் போயிருக்கு, குடலுக்கு எவ்வளவு எண்டு கணக்கெடுக்கலாம். உண்மையில முக்கியம் அந்தக் கணக்குத்தான். ஒரு மாசம் பொறுக்கிறதும் அதுக்குத்தான், ஊசி குத்தின வீக்கம் வத்தோணும். சீட்டின்ர கோது டைட்டேனியம், காந்தம் இழுக்காது, எண்டாலும் சீட் இருக்கெண்டு ஸ்கேன் ஆக்களுக்கு முதலே சொல்லுங்கோ.

மாமி பேரனைத் தள்ளி வைக்கிறது சரிதான், ஆனா காரணம் வேற. காணாமப்போன சீட்டால இல்ல, உள்ளுக்கு இருக்கிறதுகளால. அயடின்-125இன்ர கதிர் பாதியாகவே கிட்டத்தட்ட 60 நாள், முதல் ரெண்டு மாசம் சின்னப்பிள்ளையை மடியில வைச்சிருக்க வேண்டாமெண்டு பொதுவாச் சொல்லுறது. ஒரே அறையில இருந்து விளையாடலாம்.

தெஹிவளை நானா:
எங்கட வாப்பாவுக்கும் செஞ்சது. சிலவேளை ஒன்னு சிறுநீரோட வெளியே வந்துருமாம், அதுக்காக ஆரம்பத்துல வடிகட்டி குடுத்தாங்க. வந்தா கையால தொடாம கரண்டியால எடுத்து மூடின டப்பாவுல போட்டு ஹொஸ்பிட்டலுக்கு சொல்லனும், கொமட்ல ஃப்ளஷ் பண்ணிட்டுப் போயிருந்தா உங்கட மாமி மெத்தைய உதறி என்ன செய்ய!

வெள்ளவத்தைப் பெடியன்:
நன்றி அக்கா, நானா. மாமிட்ட வாசிச்சுக் காட்டினன், மெத்தை தப்பிச்சுது. எக்ஸ்ரேல 71தான் வந்தா?

பிசிக்ஸ் அக்கா:
அப்ப நெஞ்சுக்கும் ஒரு எக்ஸ்ரே. ரத்தத்தோட சீட் நுரையீரலுக்குப் போறதுண்டு, தனிச் சீட் வைச்சவைக்கு நூலில கோத்து வைச்சவையை விட அது கூட, பெரும்பாலும் ஒண்டும் செய்யாது. சிடியை ஃபிலிமா இல்லாம டைகொம் (ஸ்கேன் படத்தின்ர கொம்பியூட்டர் ஃபைல்) சீடியா வாங்கி சிங்கப்பூருக்கு அனுப்புங்கோ, ஃபிலிமைப் பாத்து அவை டோஸ் கணக்கெடுக்கேலாது.