கிளையிலிருந்து மெயில் அனுப்ப ஐபி பட்டியலா, லாகினா?

முத்தியால்பேட்டை: புதுச்சேரி ஆபீஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்புற சர்வர்), டவ்காட் (மெயில்பெட்டியும் லாகினும் பார்க்கிற சர்வர்) ஓடுது. கடலூர் கிளையிலிருந்து வெளி முகவரிக்கு அனுப்பினா 554, "ரிலே ஆக்சஸ் டினைட்" (வெளியே கடத்த அனுமதி இல்லை)ன்னு பிழை வருது. என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பம்: போஸ்ட்ஃபிக்ஸோட அமைப்பு ஃபைல் மெயின்.சிஎஃப்-ல, லாகின் இல்லாம நம்பற ஐபிகளைச் சொல்ற மைநெட்வொர்க்ஸ் வரியில கிளை ஐபியைச் சேர்த்து ரீலோட் பண்ணுங்க. முடிஞ்சது. பாஸ்வேர்டு தலைவலி எதுக்கு?

லாஸ்பேட்டை: ஸ்டாட்டிக் (மாறாத) ஐபி இருந்தாதான் அந்தப் பேச்சே. இல்லேன்னா மோடம் ஆஃப் ஆகி ஆன் ஆனதும் ஐபி மாறிடும். பழைய ஐபி யார் கைக்குப் போகுதோ அவருக்கு உங்க சர்வர் திறந்த வீடு. ஐபி மாறும்னு பயந்து /16-னு பெரிய வரம்பையே போடுறவங்களும் உண்டு, 65,536 முகவரிக்கு அனுமதி!

லாகினே வைங்க, டவ்காட் இருக்கிறதால வேலை சுலபம். அதோட ஆத் சாக்கெட்டை (போஸ்ட்ஃபிக்ஸ் லாகினைச் சரிபார்க்கக் கேட்கிற வழி) /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/பிரைவேட்/ஆத்-ல உருவாக்குங்க. உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ், மோட் 0660. குரூட்ல (ஒரே ஃபோல்டருக்குள்ள அடைச்சு) ஓடுற போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்த ஸ்பூல் ஃபோல்டருக்கு வெளியே எதுவும் தெரியாது, அதனால மெயின்.சிஎஃப்-ல பாதையை "பிரைவேட்/ஆத்"னு மட்டும் கொடுக்கணும். இன்னொரு அமைப்பு ஃபைல் மாஸ்டர்.சிஎஃப்-ல சப்மிஷன் (பயனர்கள் மெயில் அனுப்புற போர்ட் 587) வரியைத் திறந்து, அங்கே மட்டும் ஆத் (லாகின்), டிஎல்எஸ் (இணைப்பு மறையாக்கம்) கட்டாயம். சர்வருக்கு சர்வர் மெயில் போற போர்ட் 25-ல ஆத் காட்டவே வேண்டாம்.

மஞ்சக்குப்பம்: ஒருத்தர் பாஸ்வேர்டு கசிஞ்சா? அதை வச்சு ஸ்பேம் அனுப்பி, விடியறதுக்குள்ள பிளாக்லிஸ்ட்ல இருப்பீங்க. ஐபி பட்டியல்ல அந்த வம்பு இல்ல.

லாஸ்பேட்டை: கிளையில ஒரு பிசிக்கு வைரஸ் வந்தா அதே கதிதான் அண்ணே, அதைவிட மோசம். மைநெட்வொர்க்ஸ்ல இருக்கிற ஐபிக்கு போஸ்ட்ஃபிக்ஸோட ரேட் லிமிட் (அனுப்புற வேகக் கட்டுப்பாடு) டீஃபால்ட்டா பொருந்தாது. லாகின் இருந்தா லாக்ல யூசர்நேம் விழும், அந்த ஒரு கணக்கைப் பூட்டினா போதும். அனுப்புநர் முகவரியும் லாகினும் ஒத்துப்போகணும்னு கட்டுப்பாடும் போடலாம்.

வில்லியனூர்: சர்வரோட டிஎல்எஸ் இணைப்புல கையால கட்டளை அடிச்சுப் பார்க்கிற ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட்ல சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கு. பெரிய எழுத்து 'ஆர்'ல ஆரம்பிக்கிற வரியை அது ரீநெகோஷியேட் (டிஎல்எஸ் பேச்சை மறுபடி தொடங்கு) கட்டளையா எடுத்துக்கும். பெறுநரைச் சொல்ற ஆர்சிபிடி கட்டளை அடிச்சதும் குழம்பிடும், பலர் சர்வரைத் திட்டுவாங்க. சின்ன எழுத்துல அடிங்க, இல்லேன்னா குவையட் ஆப்ஷன். 535 (லாகின் தோல்வி) வந்தா யூசர்நேம் முழு மெயில் முகவரியா, முன்பாதி மட்டுமான்னு முதல்ல பாருங்க.

மஞ்சக்குப்பம்: சரி, கிளையில பழைய ஸ்கேனர் இருந்தா? அதுக்கு டிஎல்எஸ்ஸே தெரியாதே.

லாஸ்பேட்டை: நியாயமான கேள்வி. அதுக்காக மெயின் சர்வரைத் திறக்காதீங்க. கிளையிலேயே சின்ன போஸ்ட்ஃபிக்ஸ் வைங்க. ஸ்கேனர் உள்ளூர் ஐபியை மட்டும் அது ஏத்துக்கட்டும், அங்கிருந்து 587-க்கு அது லாகின் பண்ணி அனுப்பட்டும். அதோட பாஸ்வேர்டு ஃபைலை மாத்தினா போஸ்ட்மேப் (அதிலிருந்து .டிபி ஃபைல் உருவாக்குற கட்டளை) ஓட்டணும். அந்த ஃபைலுக்கும் அதோட .டிபி-க்கும் பர்மிஷன் 600 (உரிமையாளர் மட்டும்).